மடியில் பூனை, மண்ணில் ஆபத்து

*பூனையின் வயிற்றுப் புழு மனிதனையும் விடுவதில்லை. ஆனால் அதற்குத் தீர்வு பூனையைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய் விடுவதல்ல.*

தாராவி 90 அடி சாலையிலிருந்து பிரியும் சந்துகளில் எங்காவது ஒரு மணல் குவியல் கிடக்கும். யாரோ வீட்டின் மேல் இன்னொரு தளம் எழுப்புகிறார்கள். அந்த மணலுக்கு இரண்டு தரப்பினர் சொந்தம் கொண்டாடுகிறார்கள். விடியற்காலையில் பூனை வந்து குழி பறித்து, காரியத்தை முடித்து, நாசூக்காக மூடிவிட்டுப் போகிறது. சாயங்காலம் பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் அதே மணலில் வீடு கட்டுகிறார்கள். கட்டிய கையோடு வடா பாவ்.

மும்பைத் தமிழர்கள் பூனை வளர்ப்பதற்குக் காரணங்கள் பல. தாராவியில் எலித் தொல்லை. மாதுங்காவின் பழைய கட்டடங்களில் தயிர் சாதத்துக்குப் பழகிய மாடிப்படிப் பூனைகள். செம்பூர் ஃப்ளாட்டுகளில் அது சோபாவில் தூங்கும் செல்லப் பிள்ளை. ஆனால் வயிற்றில் வளரும் புழு பேட்டை பார்ப்பதில்லை.

முக்கியமான எதிரி, டாக்சோகாரா கேட்டி என்ற உருண்டைப்புழு. தாய்ப்பால் வழியாகவே இது குட்டிக்கு வந்துவிடுகிறது. 'பாலைத் தவிர வேறெதையும் தொடாத குட்டியாயிற்றே' என்ற சமாதானம் செல்லாது. வளர்ந்த பூனைக்கு எலி வழியாகவும் வரும். எலியை ஒழிக்க வளர்த்த பூனைக்கு எலியே புழுவைக் கொடுக்கிறது. குட்டிக்கு வயிறு பானைபோல் உப்பும், ரோமம் பொலிவிழக்கும். பெரிய பூனையோ பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது.

இந்தப் புழுவின் முட்டை வெளிவந்த அன்றே யாரையும் தொற்றுவதில்லை. அது மண்ணில் கிடந்து பக்குவமாக 2 முதல் 4 வாரங்கள் வேண்டும். பிறகு மாதக்கணக்கில், ஏன், வருடக்கணக்கில்கூட உயிரோடிருக்கும். ஆகவே பூனையைத் தொட்டுக் கொஞ்சுவதைவிட, போன மாதம் அது அசுத்தம் செய்த மண்ணைத் தொட்ட கை வாய்க்குப் போவதுதான் பெரிய ஆபத்து.

மனித உடல் இந்தப் புழுவுக்குச் சொந்த வீடல்ல. இங்கே லார்வா முழுப் புழுவாக வளர முடியாது. வழி தெரியாமல் ஈரல், நுரையீரல் என்று அலைகிறது. பலருக்கு ஒன்றும் தெரிவதில்லை. சிலருக்குக் காய்ச்சல், இருமல், ஈரல் வீக்கம். அபூர்வமாக அது கண்ணுக்குள் புகுந்து விழித்திரையைக் கெடுக்கிறது. குடலில் முட்டை இடாததால் மலப் பரிசோதனையில் இது சிக்காது. ரத்தப் பரிசோதனையும் கண் பரிசோதனையும்தான் காட்டிக் கொடுக்கும்.

இது எவ்வளவு விபரீதமாகலாம் என்பதை 1950ல் அமெரிக்க நிபுணர் ஹெலனார் வைல்டர் காட்டினார். அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட 46 கண்களை அவர் ஆராய்ந்தபோது 24ல் புழுவின் லார்வா இருந்தது. புற்றுநோய் என்ற சந்தேகத்தில் அகற்றப்பட்ட குழந்தைகளின் கண்களும் அவற்றில் இருந்தன. 1952ல் பால் பீவரும் சகாக்களும் குற்றவாளி டாக்சோகாரா என்று நிறுவினார்கள். நாயின் புழு மீதுதான் அதிகப் பழி. ஆனால் பூனையின் புழுவையும் விடுதலை செய்துவிட முடியாது.

அடுத்தது கொக்கிப்புழு. மழைக்கால ஈர மண்ணில் இதன் லார்வா வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழையும். தோலில் வளைந்து வளைந்து சிவப்புக் கோடு, தாங்க முடியாத அரிப்பு. இதில் ஒரு வகை, 1911ல் இலங்கையில் ஒரு புனுகுப்பூனையின் குடலில் கண்டறியப்பட்டது. 1913லேயே இந்தியச் சிறைக் கைதிகளின் குடலிலும் அது இருப்பதாகக் கிளேடன் லேன் எழுதினார். மற்ற மிருகக் கொக்கிப்புழுக்கள் பெரும்பாலும் தோலோடு நின்றுவிட, இது மட்டும் மனிதக் குடலிலேயே வளர்ந்து ரத்தம் குடிக்கும். நாடாப்புழு தெள்ளுப்பூச்சி வழியாக வருவது. வாலடியில் ஒட்டியிருக்கும் அரிசி மணி போன்ற துணுக்குகள் அதன் அடையாளம்.

கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் பூனைக்கு இன்னொரு பழியும் உண்டு. டாக்சோபிளாஸ்மா புழுவல்ல, நுண்ணுயிரி. முதல் முறை தொற்றும் பூனை சில வாரங்கள் மட்டுமே அதை வெளியேற்றுகிறது. அது பக்குவப்பட 1 முதல் 5 நாட்களாகும். ஆகவே கழிவுத் தட்டை வேறொருவர் தினமும் சுத்தம் செய்தால் போதும். சரியாக வேகாத இறைச்சியும் இதே நோயைத் தரும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

என்ன செய்யலாம்? குட்டிக்கு 3 வாரத்தில் தொடங்கி, பால்குடி மறந்து 2 வாரம் ஆகும்வரை இரு வாரத்துக்கு ஒருமுறை புழு மருந்து. பிறகு 6 மாதம்வரை மாதம் ஒருமுறை. வெளியே திரியும் பெரிய பூனைக்கு ஆண்டுக்கு நான்கு முறையாவது. அளவு எடையைப் பொறுத்தது. வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை உடைத்துக் கொடுப்பது வினை. நாய்க்கான பெர்மெத்ரின் தெள்ளு மருந்து பூனைக்கு விஷம். பாட்டி வைத்தியமான வேப்பங்கொழுந்தும் இதற்கு நம்பகமான மாற்றல்ல. மாதுங்காவிலிருந்து இரண்டாவது ஸ்டேஷன் பரேல். 1880களில் தொடங்கிய பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் மிருக ஆஸ்பத்திரி அங்கேதான் இருக்கிறது.

2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாட்களில் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பிள்ளைகளுக்கு அல்பெண்டசோல் தருகிறார்கள். அது குடலில் வாழும் புழுக்களுக்கான மருந்து. உடம்பில் அலையும் பூனைப்புழு லார்வாவுக்கு அந்த ஒற்றை மாத்திரை சிகிச்சையாகாது. அதற்குக் காவல், மணல் மேல் ஒரு தார்ப்பாய், காலில் செருப்பு, சாப்பிடுமுன் சோப்பு.

இவ்வளவும் எதற்கு, பூனையைச் சாக்கில் கட்டி அடுத்த பேட்டையில் விட்டுவிட்டால் போயிற்று என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மருந்து காணாத அந்தப் பூனை வேறொரு மணலைத் தேடிக்கொள்ளும். அங்கேயும் சாயங்காலம் பிள்ளைகள் வீடு கட்டுவார்கள். பழையபடி மணலில் முட்டைகள் மிஞ்சியிருக்கும். பூனையோ, பல சமயம் திரும்பி வந்துவிடும்.