முன் பிரேக்கைக் கண்டு அஞ்சலாமா?

பிள்ளைகளைப் பாடசாலைக்கும் டியூஷனுக்கும் சைக்கிளில் அனுப்பும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புத்திமதி ஒன்றுண்டு: "முன் பிரேக்கைப் பிடிக்காதே, தலைகீழாக விழுவாய்!" அதைக் கழற்றியே வைத்துவிடுகிற தகப்பன்மாரும் இருக்கிறார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் பிள்ளை இழப்பது வண்டியின் பெலமான பிரேக்கை.

ஓடும் பஸ் சட்டென நின்றால் நாம் முன்னே சரிகிறோமல்லவா? சைக்கிளிலும் அப்படியே பாரம் முன் சக்கரத்தின்மேல் இறங்குகிறது. பின் சக்கரம் இலேசாகி, நிலத்தைப் பற்றும் வலுவை இழக்கிறது. இறுக்கிப் பிடித்தால் சுழலாமல் இழுபட்டுச் சறுக்கும். காய்ந்த தார் வீதியில் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் வருபவர் முன் பிரேக்கை முறையாகப் பிடித்தால் ஏறக்குறைய 3 மீற்றரில் நிற்கலாம். பின் பிரேக் மட்டுமென்றால் 6 மீற்றரளவு வேண்டும். எஞ்சும் 3 மீற்றரில் ஓர் ஓட்டோ நிற்க இடமுண்டு! ஆபத்தைக் கண்டு கை இயங்குவதற்குள் கழியும் ஒரு விநாடியில் 5 மீற்றருக்கு மேல் ஓடிவிடுவது வேறு கணக்கு.

தலைகீழாக விழும் பயம் பொய்யல்ல. பதறிப்போய் முன் பிரேக்கை ஒரேயடியாக அமுக்குபவர் விழத்தான் செய்வார். இரண்டையும் சேர்த்து, முதலில் மெதுவாகவும் பின்னர் படிப்படியாக இறுக்கியும் பிடிக்க வேண்டும். கைகளை நீட்டி ஊன்றி, உடலைச் சீற்றின் பின்பக்கம் தள்ளிக்கொள்ள வேண்டும். பின் சக்கரம் சறுக்கத் தொடங்கினால் முன் பிரேக்கைச் சற்றுத் தளர்த்துங்கள். லீவு நாளில் வெறும் மைதானத்தில் பத்துத் தடவை பழகினால் பிள்ளையின் கைக்கே அது தெரிந்துவிடும்.

மணல் படிந்த வீதியிலும் வளைவிலும் மாத்திரம் முன் பிரேக்கில் கவனம் தேவை. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுவது நல்லது. மழையில் இரும்பு ரிம் உள்ள பழைய வண்டிகள் நிற்கப் பல மடங்கு தூரம் எடுக்கும். முன்கூட்டியே இலேசாகப் பிடித்து ரிம்மின் ஈரத்தைத் துடைத்துக்கொள்ளுங்கள். பாரில் ஒரு குழந்தை இருந்தால் முன்பாரம் இன்னும் கூடும். என்னைக் கேட்டால், அப்போது நடைவேகத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் போனாலே போதும்.

இன்று மாலையே வண்டியைப் பாருங்கள். பிரேக் கட்டை ரிம்மில் படுகிறதா, டயரில் உரசுகிறதா? பிடியை அமுக்கினால் ஹேண்டிலோடு போய் முட்டுகிறதா? கம்பி இழை பிரிந்திருக்கிறதா? ரிம்மில் எண்ணெய் பட்டிருந்தால் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிடுங்கள்.