அளவு தவறினால் அறிகுறியும் மறையும்

குழந்தையின் எடையையும் உயரத்தையும் பார்ப்பதற்குத் தனிப்பயிற்சி எதற்கு எனப் பெற்றோர் பலர் எண்ணக்கூடும். ஒரு கணக்கைப் பாருங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோலின்படி, இரண்டு வயது நிறைந்த ஆண் குழந்தையின் உயரம் 81 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அது வளர்ச்சி குன்றிய நிலை. 80 சென்டிமீட்டர் உயரமுள்ள குழந்தை குதிகாலை உயர்த்தியதைக் கவனியாமல் 81.5 என எழுதினால், உதவி பெறவேண்டிய பிள்ளை பதிவேட்டில் நலமுள்ளவனாகிவிடுகிறான்.

ஆகவேதான் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் அளக்கும் முறை கற்பிக்கப்படுகிறது. தமிழகத்துக்கு இது புதிதன்று. 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், பயிற்சி பெற்ற கிராமப் பெண்கள் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மாதந்தோறும் எடை பார்த்தனர். எடை போதிய அளவு ஏறாத பிள்ளைகளுக்குக் கூடுதல் உணவு வழங்கப்பட்டது.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்கவைத்து அளக்கவேண்டும். ஒருவர் தலையையும் மற்றவர் முழங்காலையும் பிடித்துக்கொள்ள, பாதம் பலகையில் படியவேண்டும். அதற்கு மேற்பட்ட குழந்தையை நிற்கவைத்து அளப்பர். முறை மாறினால் ஏறத்தாழ 0.7 சென்டிமீட்டர் வேறுபடும். பயிற்சியில் ஒரே குழந்தையை இருமுறை அளந்து, பயிற்றுநரின் அளவோடு ஒப்பிடுவர். உலக அளவுகோலை வகுத்த ஆய்வில், இருவர் அளந்த நீளம் 7 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் மீண்டும் அளந்தனர்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளை நம்பிப் பல ஊர்களிலிருந்தும் வந்து வாழும் குடும்பங்களுக்கு மற்றொரு இடர்ப்பாடு உண்டு. வீடு மாறும்போது முந்தைய அளவுகள் பழைய ஊரிலேயே தங்கிவிடுகின்றன. ஒரே ஓர் அளவு, குழந்தை வளர்கிறதா தேங்குகிறதா என்று சொல்லாது.

எனவே பெற்றோரிடம் நாம் வேண்டுவது இதுவே: தாய் சேய் நல அட்டையை எங்குச் சென்றாலும் உடன் கொண்டுசெல்லுங்கள். பிறந்த தேதியைச் சரியாகச் சொல்லுங்கள்; "ஆடியில் பிறந்தான்" என்பது போதாது. எடை பார்க்குமுன் கனத்த உடை, கொலுசு ஆகியவற்றையும், உயரம் அளக்குமுன் காலணி, கொண்டை ஆகியவற்றையும் நீக்குங்கள். எடை பார்த்தால் கண்பட்டுவிடும் என்று அஞ்சவேண்டா. குழந்தை அழுது திமிறினால், அமைதியானபின் மீண்டும் அளக்கச் சொல்லத் தயங்காதீர்கள். இரண்டு மாதம் தொடர்ந்து எடை ஏறாவிடின், மருத்துவரைக் காணத் தாமதிக்கவேண்டா.