உங்களுக்குத் தெரியுமா? நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்

திருநாவலூர் ஆனாலும் உளுந்தூர்பேட்டை ஆனாலும், நம் ஊர்ப் பேச்சில் 'நரம்பு' என்ற சொல்லுக்கு மூன்று வேலை. குளுக்கோஸ் ஏற்ற நர்ஸ் தேடுவது நரம்பு. கையை முறுக்கினால் மணிக்கட்டில் கயிறு போலப் புடைப்பதும் நரம்பு. விரல் மரத்துப்போனால் அதற்கும் பழி நரம்பின் மேல்தான். முதலாவது ரத்தக்குழாய், இரண்டாவது தசைநாண், மூன்றாவதுதான் அசல். கரும்பு வெட்டும் கத்தி தவறி மணிக்கட்டில் இறங்கினால் மூன்றும் ஒரே வீச்சில் அறுபடலாம். ரத்தம் நின்றது, தையலும் போட்டாயிற்று. ஆனால் கட்டைவிரல் சுண்டுவிரல் நுனியைத் தொட மறுக்கிறதா? அசல் நரம்பை யாரோ பார்க்காமல் விட்டிருக்கலாம்.

★

அறுந்த நரம்பை எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் வெட்டுக்குக் கீழே உள்ள இழைகள் பிழைக்காது. அவை சிதைந்தே தீரும். 1850-இல் அகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்கு நரம்பை வெட்டிப் பார்த்துச் சொன்னது இது. அப்படியானால் எதற்குத் தையல்? உறைக்காக. இழை அழிந்தாலும் அதைச் சுற்றியிருந்த குழாய் கிடக்கும். அங்குள்ள ஷ்வான் செல்கள் தூர்வாரிய வாய்க்கால் மாதிரி அதைச் சுத்தம் செய்து வைத்திருக்கும். மேல்முனையிலிருந்து புதுத் தளிர் கிளம்பி அந்த வாய்க்காலில் இறங்கும். நுண்நோக்கியின் கீழ் தைக்கும் நூலின் தடிமன் 0.03 மில்லிமீட்டர் அளவுதான். தலைமுடி அதைப் போல இரு மடங்கு இருக்கும்.

★

தளிர் வளரும் வேகம் நாளுக்கு சுமார் ஒரு மில்லிமீட்டர். நகம் வளர்வதைவிட இது பத்து மடங்கு வேகம் என்று சொன்னால், அடிபட்டவருக்கு ஆறுதலாக இருக்காது. முழங்கையில் அறுந்த நரம்பு கைத்தசையை எட்ட பத்து மாதம்.

★

இழை வந்து சேரும்வரை தசை சும்மா இருப்பதில்லை. நல்ல நிலையில் அது நரம்பின் ரசாயனச் செய்தியை ஒரே ஓர் இடத்தில்தான் வாங்கும். தொடர்பு அறுந்ததும் அந்த வாங்கிகளை மேலெல்லாம் பரப்பி, உடம்பையே காதாக்கிக் காத்திருக்கும். வரும் இழையோ பழைய இடத்தையே தேடிப் போகும். 1978-இல் ஒரு சோதனையில் தவளையின் தசைநார்களை அழித்துவிட்டு அவற்றின் உறையை மட்டும் விட்டுவைத்தார்கள். வீட்டில் ஆளே இல்லை. அப்படியும் நரம்பு வந்து பழைய வாசலில்தான் நின்றது!

★

காத்திருப்புக்கும் கெடு உண்டு. ஒன்று, ஒன்றரை வருடம் தாண்டினால் தசை மெலிந்து கொழுப்பாகவும் நாராகவும் மாறிவிடும். பைக்கிலிருந்து விழுந்து கழுத்தோரம் நரம்பு பிய்ந்தவர்களுக்கு இதுதான் சிக்கல், தூரம் அதிகம். எனவே 1994-இல் பிரான்ஸ் மருத்துவர் ஓபெர்லின் குறுக்குவழி ஒன்றை வெளியிட்டார். கைக்குப் போகும் நரம்பில் ஓர் இழைக்கொத்தைப் பிரித்து, பக்கத்திலேயே இருக்கும் புஜத் தசையின் நரம்போடு இணைத்துவிடுவது. வேடிக்கை என்னவென்றால், தொடக்கத்தில் முழங்கையை மடக்க வேண்டுமானால் மணிக்கட்டை மடக்குவதாக நினைக்க வேண்டும். மூளை போகப் போகக் கற்றுக்கொள்ளும். நம் மாநிலத்தில் சென்னை ஸ்டான்லியும் கோவை கங்கா மருத்துவமனையும் கை அறுவைக்குப் பேர்போனவை.

★

நரம்பு எதுவரை வந்திருக்கிறது? தோல் மேல் விரலால் தட்டிக்கொண்டே போவார் டாக்டர். வளரும் முனை இருக்கும் இடத்தில் சுருக்கென்று எறும்பு ஊறும். பேனாவால் புள்ளி வைத்தால், அடுத்த மாதம் அது ஓர் அங்குலம் கீழே போயிருக்கும். 1915-இல், முதல் உலகப்போர் நடுவே, பிரான்சின் டினெலும் ஜெர்மனியின் ஹாஃப்மனும் தனித்தனியே இதை எழுதினார்கள். எதிரெதிர் நாடுகள், ஒரே எறும்பு. டினெல் வைத்த பிரெஞ்சுப் பெயருக்கும் எறும்பு ஊறல் என்றே பொருள்.

★

முகவரி மாறுவதும் உண்டு. முக வாதம் வந்து தேறியவர் சிலருக்குச் சிரித்தால் கண் மூடிக்கொள்ளும். எச்சில் சுரப்பிக்குப் போக வேண்டிய இழை கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய்விட்டால், சாப்பிடும்போது கண்ணீர் கொட்டும். மருத்துவத்தில் இதற்குப் பெயரே முதலைக் கண்ணீர்.

★

நரம்பு திரும்பவே வராவிட்டால்? 1914-இல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்த மருத்துவர் பால் பிராண்ட் 1948-இல் வேலூர் சி.எம்.சி.யில் அதற்கு ஒரு வழி செய்தார். தொழுநோயில் நரம்பு கெட்டு விரல்கள் மடங்கிப்போன கைகள். ஆனால் முன்கைத் தசைகளில் வலு இருந்தது. அந்த நல்ல தசையின் நாணை எடுத்து விரலுக்கு மாற்றிக் கட்டினார். நீட்ட முடியாத விரல் நீண்டது. அவருடைய தாய் எவ்லின், முதிய வயதில் நம் கல்வராயன் மலையிலும் மட்டக்குதிரை ஏறி ஊர் ஊராகப் போய் மருத்துவம் பார்த்தவர். 1974-இல், 95 வயதில் காலமானார்.

★

திருநாவலூரில் பிறந்த சுந்தரர், மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறிப் பார்வை இழந்தார் என்பது புராணம். காஞ்சியில் இடக்கண், ஆரூரில் வலக்கண் என இரண்டு தவணையில் திரும்பக் கிடைத்ததாம். மருத்துவக் கண்ணோடு பார்த்தால் அவர் கேட்டது பெரிய வரம்தான். கை நரம்பு மாதிரி இல்லை கண் நரம்பு. அது மூளையின் நீட்சி, அறுந்தால் மனிதருக்கு வளராது. தவளைக்கு வளரும்.