சொல்லாத காதலும் அடங்காத வாயும்

அலுவலக நகைச்சுவைத் தொடர்களில் அசடு வழிவதும் மனம் நெகிழ்வதும் அருகருகே

மேலாளர் ஜோக் அடிக்கிறார். யாரும் சிரிக்கவில்லை. காதில் விழவில்லையோ என்று மறுபடியும் சொல்கிறார். ஊழியர்கள் நெளிகிறார்கள், டி.வி. முன் இருப்பவர்களும்தான். 2001 ஜூலையில் பி.பி.சி.யில் தொடங்கிய 'தி ஆபீஸ்' இந்தச் சங்கடத்தையே முதலீடாக்கியது. பின்னணிச் சிரிப்பொலி கிடையாது. ஆவணப்படக் குழு ஒன்று அலுவலகத்தைப் படம் பிடிப்பதுபோன்ற பாவனை.

ரிக்கி ஜெர்வைஸும் ஸ்டீபன் மெர்ச்சன்ட்டும் உருவாக்கிய இந்தத் தொடரின் களம், ஸ்லௌ நகரில் ஒரு காகித கம்பெனி. மேலாளர் டேவிட் பிரென்ட்டாக ஜெர்வைஸே நடித்தார். விற்பனைப் பிரிவில் டிம். வரவேற்பு மேஜையில் டான். அவளுக்கோ ஏற்கனவே நிச்சயமாகிவிட்டது.

தொடரின் சூட்சுமம் எளிது. பிரென்ட் சொல்லக்கூடாததையெல்லாம் சொல்பவர். டிம், சொல்லியே தீரவேண்டிய ஒன்றைச் சொல்ல முடியாதவன். அவர் வாயால் சிரிப்பு. இவன் மௌனத்தால் காதல். அலுவலகக் காதலில் ஆபத்தும் அதிகம். மறுத்துவிட்டால் மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அதே முகத்தைப் பார்த்தாக வேண்டும்.

2002இல் இரண்டாம் பகுதியின் கடைசி அத்தியாயத்தில் டிம் துணிகிறான். டானைத் தனியறைக்கு அழைத்துச் சென்று, சட்டையிலிருந்த மைக்கைக் கழற்றிவிடுகிறான். ஒலி நின்றுபோகிறது. திரும்பி வந்து, அவள் மறுத்துவிட்டதை ஏதோ அலுவல் விஷயம்போலத் தெரிவிக்கிறான். அடக்கி வாசித்ததால்தான் அந்தக் காட்சி நெஞ்சைப் பிசைகிறது. 2003 கிறிஸ்துமஸ் சிறப்பு நிகழ்ச்சியில்தான் இருவரும் சேர்ந்தார்கள்.

2005 முதல் 2013 வரை 201 அத்தியாயங்கள் ஓடிய அமெரிக்கப் பதிப்பு அவ்வளவு கறாராக இல்லை. ஜிம் - பாம் ஜோடிக்கு 2009இல் கல்யாணமே நடந்தது. அங்கே அசட்டு மேலாளர் மைக்கேல் ஸ்காட்டுக்கும் காதல் வாய்த்தது. 2011இல் அலுவலகம் முழுக்க மெழுகுவர்த்தி ஏற்றி ஹோலியை மணக்கக் கேட்கிறார். சூட்டில் தீயணைப்புக் குழாய்கள் திறந்துகொள்ள, இருவரும் தொப்பலாக நனைகிறார்கள். சிரிப்பதா, உருகுவதா?

2019இல் ஹாட்ஸ்டாரின் இந்திப் பதிப்பு கதையை ஃபரிதாபாத்துக்குக் கொண்டுவந்தது. அங்கே அமித்தும் பம்மியும்.

ஊர் மாறினாலும் விதி மாறவில்லை. அசட்டுத்தனம் காதலைத் திகட்டாமல் காக்கிறது. காதல் அந்தக் கேலி கொடூரமாகாமல் தடுக்கிறது. இரண்டும் வேர்விடுவது ஒரே மண்ணில்: யாராவது நம்மை விரும்பமாட்டார்களா என்ற ஏக்கத்தில்.