இழுப்பும் இன்ஹேலரும்

முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் பெங்களூர் லிங்கராஜபுரத்துத் தமிழ் வீடுகளில் பிள்ளைக்கு இழுப்பு வந்தால், முதலில் அடுப்பில் ஏறியது ஆடாதொடைக் கஷாயம். பிறகு தூதுவளை ரசம். அதற்கும் அடங்காவிட்டால் டாக்டரிடம் ஓடி டெரிஃபிலின் ஊசி. ஜூன் மாதத்தில் ஹைதராபாத்துக்கு ரயிலேறி, பத்தினி என்ற குடும்பத்தார் மருந்தாகத் தரும் உயிர்மீனை விழுங்கி வந்தவர்களும் உண்டு. இன்ஹேலர் மட்டும் ஆகாது. ‘அதைப் பழகினா விடவே முடியாதும்மா’ என்பார்கள். வைத்திருந்த வீட்டிலும், பெண் பார்க்க வந்தால் அது பீரோவுக்குள் போய்விடும்.

இதற்கிடையே ஊர்க் காற்று மாறிக்கொண்டே இருந்தது. பெங்களூர்க் குழந்தைகளிடம் டாக்டர் எச். பரமேஷ் எடுத்த கணக்கில் 1979-ல் 9 சதவீதமாக இருந்த ஆஸ்துமா, 1999-ல் 29.5 சதவீதம். ஹென்னூர் சாலையில் வண்டிகளுக்கு நடுவே நின்று பார்த்தவருக்கு இது வியப்பாக இராது.

ஆஸ்துமாவுக்கு யோகாவை மருந்தோடு சேர்த்துச் சோதித்ததும் இதே ஊர்க்காரர்கள்தான். ஆய்வாளர்கள் நாகரத்னா, நாகேந்திரா இருவரும் 53 நோயாளிகளுக்கு இரண்டு வாரம் ஆசனமும் பிராணாயாமமும் கற்பித்து, தினம் 65 நிமிடம் செய்யச் சொன்னார்கள். வழக்கமான மருந்தோடு மட்டும் இருந்த 53 பேரைவிட இவர்களுக்கு இழுப்பும் மருந்துத் தேவையும் குறைந்தன. 1985-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அது வெளியானது. பிற்பாடு 2016-ல் 15 ஆய்வுகளை அலசிய காக்ரேன் அமைப்பு அவ்வளவு உற்சாகம் காட்டவில்லை: அறிகுறிகள் சற்றுக் குறையலாம், அவ்வளவுதான்.

இன்று அதே தெருக்களில் ஸ்பேசர் என்ற குழல் மாட்டிய இன்ஹேலர் பள்ளிப் பையிலேயே போகிறது. குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, அழுத்தி, மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்கி, பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். இதைப் பாட்டிகளே பேரனுக்குச் சொல்லித் தருகிறார்கள். கஷாயமும் போய்விடவில்லை. போகவும் வேண்டாம், ஆடாதொடையில் உள்ள வாசிசின் என்ற பொருளை ஒட்டித்தான் ப்ரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தே பிறந்தது. ஆனால் சளி இளகுவது வேறு, மூச்சுக்குழல் வீக்கம் வடிவது வேறு. பின்னதைச் செய்வது தினமும் எடுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர்தான். நாலு நாள் நன்றாக இருக்கிறதே என்று அதை நிறுத்திவிட்டுப் பிராணாயாமத்தை மட்டும் நம்புவதுதான் இன்றைக்கு நான் பார்க்கும் பெரிய தப்பு.

பெயரில்லாப் பொட்டலச் சூரணம் எதையாவது சாப்பிடுகிறீர்களென்றால் அதை டாக்டரிடம் காட்டுங்கள். அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பலமுறை அகப்பட்டிருக்கிறது. இழுப்பை உடனே தணிக்கும் நீல இன்ஹேலர் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டாலும் அவரைப் போய்ப் பாருங்கள்.