கதிர்ப்போரும் காகிதப் படமும்

பென்னாகரம் பக்கம் ஒரு நண்பர் வீட்டுச் சுவரில் க்ளோத் மோனேயின் ஓவியம் ஒன்று போஸ்டராக ஒட்டியிருக்கிறது. வெயிலில் இரண்டு போர்கள், பின்னால் மர வரிசை. ஆள் யாருமில்லை. 1890-91இல் பிரான்சின் ஜிவெர்னி கிராமத்தில் மோனே தீட்டிய சுமார் 25 ஓவியங்களில் ஒன்று அது. ஆங்கிலத்தில் 'ஹேஸ்டாக்ஸ்' என்று பேர் விழுந்துவிட்டதால் நானும் 'வைக்கோல் போர்' என்றே சொல்லி வந்தவன். மனிதரை வெளியேற்றிய நிலம், உழைப்பை மறைக்கிற மத்தியதர அழகியல் என்று ஒரு கூட்டத்தில் இதை வைத்துப் பேசியும் இருக்கிறேன்.

நண்பரின் அம்மா ஒருநாள் குறுக்கிட்டார்: "வைக்கோலா இது? இன்னும் அடிக்கல கண்ணு. கதிரோட போட்ட போரு. நனையாம மேல கூரை வேஞ்சிருக்காங்க பாரு."

அவர் சொன்னதுதான் சரி. அவை அடிக்காத கோதுமைக் கதிர்ப்போர்கள். 15 முதல் 20 அடி உயரம். கேழ்வரகை அறுத்துப் போர் போட்டு வைத்து, பிறகு அடிக்கிற ஊர்க்காரருக்கு அது தெரிகிறது. எம்.ஏ. தமிழ் படித்த எனக்குத் தெரியவில்லை. உழைப்பு படத்தில் இல்லாமல் போகவில்லை, என் வாசிப்பில்தான் இல்லை.

நகல் எதை இழக்கிறது? வால்டர் பெஞ்சமின் 1936இல் வெளியான கட்டுரையில், இயந்திர மறுஉற்பத்தியில் அசலின் ஒளிவட்டம் தேய்கிறது என்றார். இங்கே இழப்பைத் திட்டமாகவே சொல்லலாம். மோனே வண்ணங்களை முழுக்கக் குழைக்காமல் பக்கம் பக்கமாகத் தீற்றினார். கலப்பது பார்ப்பவரின் கண். ஆப்செட் அச்சும் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கு மையின் புள்ளிகளை வைத்துக் கண்ணைத்தான் கலக்கச் சொல்கிறது. ஆனால் தீற்றலுக்குத் தடிமன் உண்டு, கை போன திசை உண்டு. புள்ளிக்கு இரண்டும் கிடையாது.

அதைவிடப் பெரிய இழப்பு வரிசை. 1891 மே மாதம் பாரிசில் துராந்-ருவெல் கூடத்தில் 15 போர்ப்படங்கள் ஒன்றாக வைக்கப்பட்டன. அதே போர், வேறு வேறு பொழுது, வேறு வேறு பருவம். பொழுதுதான் அங்கே பொருள். போஸ்டர் அதில் ஒன்றைப் பிய்த்து 'இயற்கைக் காட்சி' ஆக்கிவிடுகிறது. நிலமும் பொழுதும் சேர்ந்ததே முதற்பொருள் என்று படித்த நமக்கு இது விளங்காததல்ல.

இந்த வரிசையில் ஒரு படம் 2019இல் நியூயார்க் ஏலத்தில் 11 கோடி டாலருக்கு மேல் போனது. நண்பரின் குடும்பமோ, மழை பொய்த்த வருசத்தில் போர் போட ஒன்றுமில்லாமல் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன குடும்பம். அசல் அந்த அம்மாவின் கண்ணுக்கு எட்டப்போவதில்லை. நகல் எட்டியதால்தான் என் பிழை திருந்தியது.

ஆகவே நகலை மட்டம் தட்டுவதை நிறுத்துவோம். நம் பத்திரிகைகளில் ஓவியம் அச்சிடும்போது அதன் அளவு, ஊடகம், எந்த வரிசையைச் சேர்ந்தது என்பதையாவது கீழே போடலாம். விளக்கம் எழுதுமுன், அந்த வேலை தெரிந்தவரிடம் படத்தை ஒருதரம் காட்டலாம். இதற்குக் கோட்பாடு ஒன்றும் தடையாக இருக்காது.