யவன மதுச்சாடி

கழுத்தும் கைப்பிடியும், சுட்ட மண்
அரிக்கமேடு, கி.மு. 1 – கி.பி. 1ஆம் நூற்றாண்டு

புதுச்சேரியின் குருசுக்குப்பம் கடற்கரையிலிருந்து தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலரும், அவருக்குப்பின் பிரெஞ்சு ஆய்வாளர் ழான்-மரி கஸாலும் அங்கே அகழ்ந்தபோது இவ்வகைச் சாடிகளின் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன.

கைப்பிடியை அருகில் நின்று பாருங்கள். உருட்டிய இரண்டு மண்திரிகளைச் சேர்த்து ஒட்டி வளைத்திருக்கிறார்கள். ஏஜியன் கடலின் கோஸ் தீவு வகைச் சாடிக்கு இதுவே அடையாளம். முழுச்சாடியின் அடி கூராக இருக்கும். தரையில் தானாக நிற்காது. கப்பலின் அடித்தளத்தில் நெருக்கமாக அடுக்க ஏற்ற வடிவம் அது. மது கசியாமலிருக்க உட்புறம் பிசின் பூசுவார்கள். கோஸ் மதுவில் கடல்நீர் கலப்பது வழக்கம்.

யவனர் (கிரேக்க, ரோமானியர்) கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பொற்கலத்தில் பெண்கள் ஏந்தித் தர, பாண்டியன் நன்மாறன் அருந்துவதைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் பாடுகிறார். அந்த மது வந்த வழியை நம் கண்முன் காட்டும் அரிய சான்று, இந்த உடைந்த சாடி. சோழர் காலத்தில் இதே அரிக்கமேட்டுக்குச் சீன மட்கலங்களும் வந்தன.